ஸ்ட்ரைக்கருக்கு 15 கிராம்... துப்பாக்கிக்கு எத்தனை டைமண்ட்?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசையை ராத்திரியில் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. டிரைவர் ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்குவார். பக்கத்து சீட்டில் கிளீனர் பையன் மொபைலைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு யாரையோ சுட்டுக்கொண்டிருப்பான். அதே நேரத்தில் திருவொற்றியூரில் ஒரு பாலிடெக்னிக் மாணவன், காசிமேட்டில் அப்பா கடலுக்குப் போன வீட்டில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன், ராயபுரத்தில் மொட்டை மாடியில் நாலு பேர். எல்லோருக்கும் அதே கேம், அதே தீவு, அதே பாராசூட். கேம் இலவசம். அப்படித்தான் சொல்கிறார்கள்.

இவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "இன்னா ப்ரோ கேம் இது, துட்டு போட்டவன்தான் ஜெயிக்கிறான்" என்ற புலம்பல் வந்தே தீரும். வீட்டுப் பெரியவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். சும்மா கிடைக்கிற விளையாட்டுக்கு இவ்வளவு கோபமா? பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுட்டு போய்ப் படிடா என்பார்கள்.

கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபப்படுகிறவர்களே அதைப் பாதிதான் சரியாகச் சொல்கிறார்கள். "காசு கேட்கிறான்" என்று கத்துகிறார்கள். காசு கேட்பதில் தப்பே இல்லை. எதற்குக் கேட்கிறான், எப்படிக் கேட்கிறான், யாரிடம் கேட்கிறான் என்ற மூன்று கேள்விகளில்தான் விஷயம் இருக்கிறது.

வட சென்னைப் பையன்கள் கேமுக்குக் காசு கொடுப்பது நேற்று ஆரம்பித்த பழக்கம் இல்லை. முதலில் டிவி கேம் கார்ட்ரிட்ஜ். பிறகு பிரவுசிங் சென்டரில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக். அதற்கப்புறம் தெருமுனைக் கடையில் மணிக்கணக்கு வாடகைக்கு பிளேஸ்டேஷன் 2. பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய டிஸ்க் (அதில் ஒரிஜினல் எத்தனை என்று கேட்கக்கூடாது :-) ). இதில் எல்லாவற்றிலும் காசு கைமாறியது. ஆனால் இரண்டு விஷயங்கள் மாறாமல் இருந்தன. ஒன்று, எவ்வளவு செலவு என்பது உட்காருவதற்கு முன்பே தெரியும். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு, அவ்வளவுதான். இரண்டு, காசு கொடுத்து உட்கார்ந்த பிறகு பணக்காரனும் ஏழையும் ஒரே துப்பாக்கியைத்தான் வாங்க முடியும். சேட்டு வீட்டுப் பையனாக இருந்தாலும் குறி தவறினால் செத்தான்.

டிஸ்க் வாங்கியவனுக்கு மூன்றாவதாக ஒரு வசதியும் இருந்தது. முடித்த பிறகு நண்பனுக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம், பத்து வருடம் கழித்துத் தூசி தட்டிப் போட்டும் பார்க்கலாம். வாங்கியது அவனுடையது.

இந்த மூன்றும் எப்படிப் போயின?

2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் அப்ளிவியன் என்ற கேமில் குதிரைக்குப் போடும் கவசத்தைத் தனியாக இரண்டரை டாலருக்கு விற்றது. கேமை ஏற்கெனவே முழு விலை கொடுத்து வாங்கியவர்களிடம்தான் இந்த வியாபாரம். உலகமே சிரித்தது. திட்டியவர்கள் பலர், ஆனால் வாங்கியவர்களும் இருந்தார்கள். கம்பெனிகளுக்கு அந்த இரண்டாவது செய்திதான் காதில் விழுந்தது. 2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2 வந்தபோது, டார்த் வேடர் பாத்திரத்தைத் திறக்க 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும் என்றார்கள். முழு விலை கொடுத்தவனும் நாள்கணக்கில் உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்ஷ்டப் பெட்டிக்குக் காசு கொடுத்து முந்தலாம். எதிர்ப்பு எகிறியதும் அதை 15,000 ஆகக் குறைத்தார்கள், பெட்டி விற்பனையை நிறுத்தியும் வைத்தார்கள். அங்கே ஆட்டக்காரர்கள் ஜெயித்தார்கள். ஆனால் அதே வியாபாரம் மொபைலில் "இலவசம்" என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தபோது யாரும் அவ்வளவு கத்தவில்லை. இலவசத்தைத் திட்டக் கூச்சம்!

இந்த வியாபாரத்தின் கணக்கு பி.காம் முதல் வருடப் பொருளாதாரத்திலேயே இருக்கிறது. நுகர்வோர் உபரி என்று ஒரு பாடம் வரும். ஒரு பொருளுக்கு 100 ரூபாய் விலை. ஒருவர் 120 வரை கொடுக்கத் தயார், இன்னொருவர் 10,000 வரை கொடுக்கத் தயார். இருவரும் 100 கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டாமவர் பையில் மிச்சமான 9,900 தான் உபரி. ஒரே விலை வைத்தால் வியாபாரி அதைத் தொடவே முடியாது. இலவச கேம் செய்தது என்ன? விலையையே எடுத்துவிட்டது. 120 கொடுப்பவரும் வரட்டும், ஒன்றுமே கொடுக்காதவரும் வரட்டும், 10,000 கொடுப்பவர் 10,000-உம் கொடுக்கட்டும். தொழிலில் இப்படிப் பெரிதாகக் கொட்டுகிறவருக்கு "திமிங்கலம்" என்றே பெயர். காசிமேட்டில் வலை போட்டால் நெத்திலியும் வரும், வஞ்சிரமும் வரும், இரண்டுக்கும் விலை உண்டு. இங்கே வலை திமிங்கலத்துக்கு மட்டும். அப்படியானால் நெத்திலிகள் எதற்கு?

திமிங்கலத்துக்குத் தனியாக நீந்தப் பிடிக்காது, அதற்குத்தான். பல ஆயிரம் செலவு செய்து மின்னுகிற துப்பாக்கி வாங்கியவன் அதை யாரிடமாவது காட்ட வேண்டும், யாரையாவது சுட வேண்டும். எண்ணூரில் பழைய மொபைலில் ஓசியாக விளையாடும் பையன்தான் அந்த "யாராவது". அவன் வாடிக்கையாளர் இல்லை. இன்னொருவனுக்கு விற்கப்படும் சரக்கில் அவனும் ஒரு பகுதி. அவனுக்கு வரும் எரிச்சலின் வேர் இதுதான். அவனால் அதை இந்த வார்த்தைகளில் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

இனி கேரம் போர்டுக்கு வரலாம். வட சென்னையில் இதைப் பேசாமல் எந்த விளையாட்டைப் பற்றிப் பேசினாலும் குறைதான். இரண்டு முறை உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் சென்னைக்காரர், 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். தலைக்கு மேல் ஒரு பல்பு, போரிக் பவுடர், சுற்றி நின்று வாய் ஓயாமல் யோசனை சொல்லும் பத்து பேர். இதுதான் அந்தப் பள்ளிக்கூடம்.

கேரம் விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. வழவழப்பாக, கலர் கலராக, பெயர் பொறித்து எவ்வளவு விலைக்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். எடை மட்டும் 15 கிராம். பணம் எங்கே வரை வரலாம் என்று விளையாட்டே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. ஆட்டோக்காரர் வீட்டுப் பெண் உலகத்தை ஜெயிக்க முடிந்ததில் அவருடைய உழைப்புதான் முக்கால்வாசி, ஆனால் அந்தக் கோட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. "ரெட்டைப் போட்டுட்டா ஃபாலோ தேவையில்லை, கூடுதலா 50 ரூபா கொடு" என்று ஒரு கிளப்காரர் சொன்னால் அடுத்த நாள் அந்த போர்டில் ஈ கூட உட்காராது.

கரீனாவின் ஃப்ரீ ஃபயரில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். அதில் துப்பாக்கி ஸ்கின் என்பது வெறும் பெயின்ட் இல்லை. டேமேஜ் கூடும், சுடும் வேகம் கூடும், ரீலோட் மாறும். காசு கொடுத்துத் திறக்கும் பாத்திரங்களுக்குத் தனித் திறமைகள் உண்டு. பிரேசில் டிஜே அலோக்கின் பெயரில் வந்த பாத்திரத்தை 599 டைமண்டுக்கு விற்றார்கள். பையன்கள் மாதக்கணக்கில் அதைப் பற்றியே பேசினார்கள். இந்த 599-ஐக் கவனிக்க வேண்டும். சரியாக 599 டைமண்ட் விற்க மாட்டார்கள். அதற்குக் குறைவாக ஒரு பேக், அதிகமாக ஒரு பேக். ரூபாயை டைமண்டாக மாற்றியதும் எவ்வளவு செலவானது என்ற கணக்கு மறந்துபோகும், மீதி டைமண்ட் அடுத்த செலவுக்குத் தூண்டில் ஆகும். சில்லறை இல்லை என்று டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுக்கும் பஸ் கண்டக்டராவது இறங்கும்போது கேட்டால் கொடுத்துவிடுவார்.

பப்ஜி, அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே ஸ்கின் பெரும்பாலும் அழகுக்குத்தான். காசு கொடுக்காதவன் குண்டும் அதே வேகத்தில்தான் போகும். ஆகவே "எல்லா கம்பெனியும் திருட்டுப் பசங்க" என்று ஒரே வாயில் திட்டுவது நியாயமில்லை. ஆனால் அந்த அழகை எப்படி விற்கிறார்கள்? பையன்கள் ஆசைப்படும் எம்416 கிளேசியரை இன்ன விலை என்று போட்டு விற்றால் பிரச்சினையே இல்லை. வேண்டுமென்றால் வாங்கு, இல்லையென்றால் நட. அது வந்தது கிரேட் வழியாக. திறந்து பார், வந்தால் உண்டு, வராவிட்டால் இன்னொன்று திற. திருவிழாக் கடையில் வளையம் வீசுவது போலத்தான், ஆனால் அங்கே சோப்பு டப்பா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றாவது கண்ணுக்குத் தெரியும்.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது பெட்டி 49,990 ரூபாய், சோனியின் புது கேம்கள் சில 4,999 ரூபாய். அந்த விலையில் தண்டையார்பேட்டையில் எத்தனை வீட்டில் அது நுழையும்? இலவச மொபைல் கேம் வந்ததால்தான், ஜியோ மலிவு டேட்டாவை 2016-இல் கொண்டுவந்ததால்தான், சியோலில் ஒருவன் விளையாடும் அதே ஆட்டத்தை விம்கோ நகரில் ஒருவன் விளையாட முடிகிறது. சர்வர் சும்மா ஓடாது. புது மேப் செய்பவர்களுக்குச் சம்பளம் வேண்டும். யாரோ கொடுக்கிற காசில்தான் இது நடக்கிறது. இது உண்மை. எனவே "எதற்கும் காசு கேட்காதே" என்பது வாதமே இல்லை. ஏழைக்குக் கதவைத் திறந்துவிட்டதற்கு நன்றி. திறந்த கதவுக்குள் என்ன கடை போட்டிருக்கிறாய் என்று கேட்கும் உரிமை அந்த நன்றியால் போய்விடாது.

அடுத்தது, வாங்கிய பொருள் யாருடையது? 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்யப்பட்ட 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-இல் இந்தியாவுக்கான சர்வரும் நின்றது. யூசி போட்டு வாங்கியதெல்லாம் ஒரே ராத்திரியில் காற்று. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்து பழைய கணக்கை மாற்றிக்கொள்ள அனுமதித்ததால் பலருக்கு அது திரும்பக் கிடைத்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைப் பட்டியலில் வந்தது, மேக்ஸ் பதிப்பு மட்டும் தப்பியது. 2022 ஜூலை 28-இல் பிஜிஎம்ஐயே ஸ்டோரில் இருந்து மறைந்து 2023 மே மாதம்தான் திரும்பியது. இவை அரசு உத்தரவுகள், கம்பெனி தானாக மூடியதில்லை. ஆனால் ஒரு பாடம் கற்றுக்கொடுத்தன. டைமண்டும் யூசியும் சொத்து இல்லை. 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தில் விற்பனை என்றால் உடைமை கைமாற வேண்டும். இங்கே எதுவும் கைமாறவில்லை. அனுமதிச் சீட்டுதான், அதையும் எப்போது வேண்டுமானாலும் கிழிக்கலாம்.

முழு விலை கொடுத்த வெளிநாட்டுக்காரனுக்கும் இதே கதிதான். யூபிசாஃப்ட் 2014-இல் விற்ற தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. தனியாக ஓட்டக்கூட முடியாமல் போனது. அதில் கொதித்துத்தான் ராஸ் ஸ்காட் என்பவர் "கேம்களைக் கொல்லாதே" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பாவில் அதன் மனுவுக்கு 2025 ஜூலையில் கையெழுத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின. அவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடையை மூடும்போது, வாங்கியவன் வீட்டில் ஓடுகிற மாதிரி விட்டுவிட்டுப் போ. அவ்வளவுதான்.

கடைசியாக, யாரிடம் கேட்கிறான்? இதுதான் எல்லாவற்றிலும் கசப்பானது. பிஜிஎம்ஐ 2021-இல் வந்தபோது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், நாளுக்கு 7,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடாம்! முப்பது நாளைக்குப் பெருக்கினால் 2,10,000 ரூபாய். துறைமுகத்தில் லோடு ஏற்றி இறக்குகிறவரும், மீன் கூடை சுமக்கிற அம்மாவும் மாதம் முழுக்க உழைத்தாலும் அதன் பக்கத்தில் போக முடியாது. அவர்கள் பிள்ளைக்கு விதித்த "கட்டுப்பாடு" இது. உச்சவரம்பு என்ற பெயரில் உச்சியே இல்லாத ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

வணிகச் சட்டம் படித்தவர்கள் மோஹோரி பீபி வழக்கை மறந்திருக்க முடியாது. 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பு. மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்தில் இருந்தே செல்லாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. மைனர் எழுதிக் கொடுத்த அடமானமே செல்லாதென்றால், பதினாலு வயதுப் பையன் ராத்திரி பதினொரு மணிக்கு வாங்கிய டைமண்ட் மட்டும் எப்படிச் செல்லும்? ஃபோன் அப்பாவுடையது, ஓடிபி அப்பா நம்பருக்கு வந்தது, எனவே வாங்கியது அப்பாதான் என்று வாதாடலாம். சட்டத்தில் அதற்கு வலு இருக்கலாம். ஆனால் கார்ட்டூன் மூஞ்சியும் கவுன்ட்டவுன் கடிகாரமும் வைத்து விற்கும்போது அப்பாவை மனதில் வைத்தா வரைந்தார்கள்?

தமிழ்நாடு ஆன்லைன் ரம்மியை எதிர்த்து நீண்ட சண்டை போட்ட மாநிலம். 2021-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் புதுச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இவை எல்லாம் பணத்தை வைத்துப் பணத்தை ஜெயிக்கும் ஆட்டத்தைக் குறிவைத்தவை. கிரேட்டில் பணம் போகும், பணம் திரும்ப வராது, கலர்தான் வரும். சூதாட்டத்தில் ஜெயிக்கவாவது ஒரு வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றையும் எடுத்துவிட்டதால் இது சூதாட்டமே இல்லை என்று ஆகிவிடுகிறது. என்ன ஒரு சாமர்த்தியம்!

மற்ற நாடுகள் கையைக் கட்டிக்கொண்டு இல்லை. சீனா 2017 மே முதல் எந்தப் பெட்டியில் எது வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று வெளியிடச் சொன்னது. பெல்ஜியம் 2018-இல் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது, பெரிய கம்பெனிகள் அங்கே விற்பதை நிறுத்தின. ஃபோர்ட்நைட்டில் தெரியாமல் பட்டன் அழுத்தியதற்கெல்லாம் காசு பிடித்ததாக வந்த வழக்கில், எபிக் நிறுவனம் 24.5 கோடி டாலர் திருப்பித் தர 2022 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. இந்தியாவிலும் ஆயுதம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகைகளைப் பட்டியல் போட்டது. "இன்னும் 10 நிமிடம்தான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது அதில் ஒன்று. ஷாப்பிங் ஆப்புக்கு இது பொருந்தும்போது கேமுக்குள் இருக்கும் கடைக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா?

கேட்க வேண்டியவை நான்கே நான்கு. டைமண்ட் விலைக்குப் பக்கத்தில் ரூபாய் விலையும் இருக்கட்டும். அதிர்ஷ்டப் பெட்டியின் வாய்ப்பு எவ்வளவு என்பதை பட்டன் மேலேயே எழுதட்டும், பத்து பக்கம் தள்ளி ஒளிக்க வேண்டாம். மைனர் செலவு செய்த காசை, பெற்றோர் கேட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரட்டும். தரவரிசை ஆட்டத்தில் காசு கொடுத்து வாங்கிய பலம் வேலை செய்யாமல் இருக்கட்டும்.

நாலாவதைக் கேட்டால் "டெக்னிக்கலா கஷ்டம், கம்பெனி நஷ்டப்படும்" என்று சொல்ல ஆள் வருவார்கள். ஃப்ரீ ஃபயரில் கஸ்டம் ரூம் என்று ஒன்று உண்டு. நண்பர்கள் தங்களுக்குள் மட்டும் ஆடும் அறை. அதில் துப்பாக்கி ஸ்கின்னின் கூடுதல் பலத்தை அணைத்து வைக்க ஒரு வசதி இருக்கிறது. மானப் பிரச்சினையாக நாலுக்கு நாலு மோதும்போது பையன்கள் முதலில் கேட்பது அதைத்தான். "கன் ப்ராப்பர்ட்டி ஆஃப்தான்டா?" ஆயிரக்கணக்கில் டைமண்ட் போட்டு வைத்திருப்பவனும் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொள்வான். ஏனென்றால் அவனுக்கும் தெரியும், ஆன் செய்து ஜெயித்தால் தெருவில் ஒருத்தனும் மதிக்க மாட்டான்.

15 கிராம் விதி அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. பட்டனும் ஏற்கெனவே இருக்கிறது. அதை எல்லோருக்கும் போட்டுவிடத்தான் கேட்கிறார்கள்.

டிஸ்கி: கேரம் கிளப்பில் தோற்றவன்தான் போர்டு காசு கொடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. தயவுசெய்து எந்த கேம் கம்பெனிக்கும் இதைச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த அப்டேட்டில் வந்துவிடும்!